கொழும்பில் ஒரு மொரிஸ் மைனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனையோ பழைய கார்கள் இருக்க, ஏன் மொரிஸ் மைனர்?

பழைய கார் சேகரிப்பு என்றதும் பலருக்கு ஜாகுவாரும் பென்ஸும்தான் நினைவுக்கு வரும். அவற்றை வாங்குவதைவிட வைத்துப் பராமரிப்பதுதான் கஷ்டம். மைனர் அந்த ரகம் அல்ல. மாதச் சம்பளக்காரரும் வாங்கி ஓட்டவேண்டும் என்று அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த கார் அது. 1959இல் வந்த மினியும் அவர் வடிவமைத்ததுதான். மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது, வேலை தெரிந்த பாஸ்மாரும் கிடைக்கிறார்கள்.

நீளம் 3.76 மீற்றர், அகலம் 1.55 மீற்றர். வெள்ளவத்தையின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள்ளும் சிரமமில்லாமல் திரும்பும். ஸ்டியரிங் ரக் அண்ட் பினியன் வகை. பவர் ஸ்டியரிங் இல்லாமலே கை நோகாது.

மைனரில் எந்த மொடலை எடுப்பது?

முன் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது. அதிலும் முதல் வகையில் 918 சீசீ சைட்வால்வ் எஞ்சின், 1952இலிருந்து வந்த சீரீஸ் 2இல் 803 சீசீ. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அது மைனர் 1000: 1956இலிருந்து 948 சீசீ, 1962இன் பிற்பகுதியிலிருந்து 1098 சீசீ.

ஓட்டுவதற்கென்றே வாங்குபவருக்கு 1098 தான் எங்கள் சிபாரிசு. முன் பிரேக் ட்ரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமானது அந்த மொடலில்தான். கொழும்பு ட்ராபிக்கில் அந்த ஒரு அங்குலத்தின் அருமை நன்றாகத் தெரியும். 948 சீசீ எஞ்சின் இனிமையானது, நல்ல கார் கிடைத்தால் விடவேண்டாம். சைட்வால்வ் கார் அருமையான பொருள்தான், ஆனால் முதல் காராக அது வேண்டாம்.

மரச்சட்டம் வைத்த ட்ரவலர் என்ற மைனர் வகையின் அழகில் மயங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த மரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பின் பகுதியின் உடம்பையே தாங்குவது அந்த ஆஷ் மரம்தான். கண்ணாடி வழுகும் சட்டத்தின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ ட்ரைவரால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது. அதை மாற்றுவது தச்சு வேலையும் கார் வேலையும் சேர்ந்தது, செலவும் அப்படித்தான்.

பார்க்கப் போகும்போது முதலில் எங்கே பார்க்கவேண்டும்?

கீழே. பெயின்ட் மினுங்குவதையும் குஷன் புதிதாக இருப்பதையும் கடைசியில் பார்க்கலாம். மைனருக்குத் தனிச் செசி கிடையாது, உடம்பும் செசியும் ஒன்றாக ஒட்டியது. அடித்தகடு போனால் கார் போனது. எஞ்சினை இரண்டு வாரத்தில் மாற்றலாம். உக்கிய உடம்பை மீட்க மாதக்கணக்காகும்.

ஒரு பழைய பாய், டோர்ச், துணி சுற்றிய காந்தம், மழுங்கிய ஸ்க்ரூ ட்ரைவர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். காரின் கீழே படுத்து இந்த ஒழுங்கில் பாருங்கள்:

முன் ஆசனங்களுக்குக் கீழே, காரின் குறுக்காகப் போகும் பெட்டிச் சட்டம். முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார்கள் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிப் பாரம் தாங்கும் நீளக் கம்பிகள்) பின்பக்கம் இதில்தான் பூட்டப்பட்டிருக்கும். இதன் இரண்டு நுனிகளும்தான் முதலில் உக்கும். தட்டினால் கணீர் என்று கேட்கவேண்டும். மங்கலாகக் கேட்டால் உள்ளே துரு, அல்லது மேலே தகட்டு ஒட்டு.

பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் நுனி பூட்டிய இடம். பின் சில்லு வாரியடிக்கும் சேறு நேரே போய் அடிப்பது இங்கேதான்.

கதவடிச் சில், அதாவது கதவுக்குக் கீழே நெடுக்காக ஓடும் பெட்டித் தகடு (சில்லு அல்ல). வெளியே தெரியும் தகடு புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் தகடு காற்றாய்ப் போயிருக்கும். கம்பளத்தைத் தூக்கி உட்புறத்தையும் பாருங்கள். அந்தத் தகட்டின்மேல் காந்தம் ஒட்டாமல் வழுகினால் அது ஓட்டையை மூடப் பூசிய கெட்டலோய் பட்டி.

கதவைத் திறந்து சற்றுத் தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவு மட்டும் ஆடும், அது சின்ன வேலை. மூடிய கதவின் இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவடிச் சில்களை மாற்றிய டிங்கர் பாஸ், காரின் பாரத்தைச் சில்லுகளில் நிறுத்தாமல் நடுவில் ஜக் போட்டு வெல்ட் பண்ணியிருந்தாலும் இடைவெளி கோணலாகும்.

கடைசியாகப் போனட். அதன் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு தட்டையான மேடு ஓடும். மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிந்ததால் அதை நெடுக்காக வெட்டி 4 அங்குலம் அகலமாக்கினார்கள், அந்தப் பட்டைதான் இது. இரண்டு விளிம்புகளிலும் விரலை மெதுவாக ஓட்டுங்கள். கோடு நேராகவும் கூராகவும் இருந்தால் போனட் அடிபடாதது. விளிம்பு அலைந்தால் முன்பக்கம் எங்கோ மோதிப் பட்டி பூசியிருக்கிறார்கள்.

எஞ்சின் மாற்றிய காரை வாங்கலாமா?

இங்கே விற்பனைக்கு வரும் மைனர்களில் நிசான் அல்லது டொயோட்டா எஞ்சின் போட்டவை நிறைய. ஓட்டுவதற்கு மட்டும் என்றால் நல்ல நிசான் எஞ்சினும் முன் டிஸ்க் பிரேக்கும் போட்ட கார் பயனுள்ளதுதான். எஞ்சினைப் பலமாக்கிவிட்டு 7 அங்குல ட்ரம் பிரேக்கை அப்படியே விட்ட காரைத் தொடவேண்டாம். சேகரிப்பு மதிப்பு என்று பார்த்தால், சொந்த ஏ-சீரீஸ் எஞ்சினும் (803 சீசீயிலிருந்து மைனரில் வந்த வகை) கியர்பொக்ஸும் இருக்கும் கார்தான் மேல். கியர்பொக்ஸுக்காகத் தரையின் நடுவே ஓடும் தகட்டுச் சுரங்கத்தை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டாவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது.

புத்தகத்தில் என்ன பார்க்கவேண்டும்?

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், எரிபொருள் வகை நான்கும் காரோடு பொருந்தவேண்டும். செசி இலக்கத் தகடு புதிய ரிவெட்டில் பளபளத்தால் காரணம் கேளுங்கள். எஞ்சினோ நிறமோ மாற்றியது நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாவிட்டால், பதிந்து தரும்வரை முழுக் காசையும் கொடுக்கவேண்டாம். பதிவு உரிமையாளர் காலமாகி, காரைப் பிள்ளைகள் விற்கும் நிலை பழைய கார்களில் சாதாரணம். அப்படியானால் வாரிசு உரிமைப் பத்திரங்கள் இல்லாமல் பெயர் மாறாது. இடையில் கைமாறியவரின் கையெழுத்திட்ட, வாங்குபவர் பெயர் எழுதாத திறந்த படிவத்தை நம்பி வாங்குவது பெரிய ஆபத்து.

ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்து இலக்கமுள்ள கார்கள், சிங்கள ஸ்ரீ எழுத்து வருமுன் பதியப்பட்டவை. அந்த எழுத்தின் கதை நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேகரிப்பவர்கள் முதற்பதிவு இலக்கத்தையும் மதிக்கிறார்கள். பழைய காரை இப்போது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு இறக்குமதி வயது வரம்பு தடையாக இருப்பதால், ஏற்கெனவே இங்கே பதிந்திருக்கும் கார்தான் ஒரே வழி.

முன் சில்லு கழன்று மடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மைனர் வைத்திருப்பவர் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

முன் சில்லைத் தாங்கும் நெட்டுக்குத்தான கிங்பின்னின் அடி நுனியில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியில் ட்ரனியன் என்ற இரும்புத் துண்டு சுற்றி ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் புரிக்குள் புரி சுழலும். அங்கே கிறீஸ் இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் புகும், புரி தேயும். ஒருநாள் புரி பிடியை விடும், சில்லு பக்கவாட்டில் மடியும், காரின் மூக்கு தார்வீதியில் குத்தும். ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி மெதுவாகத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. வேகத்தில் நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தடுப்பது மிகச் சுலபம். ஒவ்வொரு பக்கமும் கிங்பின்னின் மேலும் கீழும் ஒவ்வொரு கிறீஸ் நிப்பிள், மொத்தம் நான்கு. 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, கிறீஸ் கன்னால் அடியுங்கள். சில்லு தரையில் நிற்க அடித்தால் பாரம் விழும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. காரை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பாரம் இல்லாமல் அடிக்கவேண்டும். பழைய கறுத்த கிறீஸ் பிதுங்கி, பின் புதுக் கிறீஸ் நிறத்தோடு வரும்வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்து ஏறாவிட்டால் அதைக் கழற்றிப் புதியது போடுங்கள். விலை அற்பம்.

தேய்மானம் பார்க்க: சில்லு அந்தரத்தில் இருக்க, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். இன்னொருவர் உள்ளே டோர்ச் அடித்து எது ஆடுகிறது என்று பார்க்கட்டும். ட்ரனியனில் ஆட்டம் தெரிந்தால் ட்ரனியனையும் கிங்பின்னையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த புரியில் புது ட்ரனியன் போடுவதில் பயனில்லை. இடது பக்கப் பாகமும் வலது பக்கப் பாகமும் வேறு வேறு புரி, வாங்கும்போதே சரிபாருங்கள்.

பிரேக் ஒயில் எங்கே ஊற்றுவது? போனட்டுக்குள் காணவில்லையே?

போனட்டுக்குள் இருக்காது. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, அடித்தகட்டோடு ஒட்டிய பெட்டிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கம்பளத்தை விலக்கினால் தகட்டு மூடி, அதற்குக் கீழே நிரப்பும் வாய். கண்ணில் படாததால்தான் பலர் பார்ப்பதே இல்லை. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள், ஒரு மண்துகள் விழுந்தாலே ரப்பர் கீறும்.

இது ஒற்றைச் சுற்று பிரேக். நான்கு சில்லில் ஒன்றில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போகும். மிச்சமிருப்பது ஹான்ட்பிரேக் மட்டும்தான், அதன் கேபிளும் உறையில் இறுகாமல் ஓடவேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் பிரேக் ஒயில் தண்ணீரை உறிஞ்சும், சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டொட் 4 ஒயிலை முழுதாக மாற்றுங்கள்.

பெடல் ஆழம் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தால் ஷூ சரிசெய்யவேண்டும். முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று என்று சரிசெய்யும் ஸ்க்ரூக்கள் உண்டு. சில்லு பிடிக்கும்வரை இறுக்கி, சுதந்திரமாகச் சுழலும்வரை மட்டும் தளர்த்துங்கள். முன்னால் இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது அரைநாள் வேலை. அதன் போல்ட்டை இழுக்கும் வழியில் டோர்ஷன் பார் நிற்கும். அதை அறியாத கராஜ்களில் தரையை வெட்டிவிடுகிறார்கள். முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ட்ராபிக்கில் சூடேறுகிறது. எலக்ட்ரிக் ஃபான் போடலாமா?

போடலாம், ஆனால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஏ-சீரீஸ் எஞ்சின் நல்ல ரேடியேட்டரோடு கொழும்பு வெயிலைத் தாங்கும். வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றிய எஞ்சினில், நான்காவது சிலிண்டரின் பின்பக்கம் துருச்சேறு தேங்கி நிற்கும். பிளொக்கின் வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. கம்பியால் குத்தி, எதிர்த்திசையில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு கூலன்ட் கலவை.

தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிவது இங்கே பலரின் வழக்கம். வேண்டாம், 74 பாகை திறப்பது ஒன்றைப் போடுங்கள். மைனர் 1000க்கு ரேடியேட்டர் மூடியின் அமுக்கம் 7 இறாத்தல். ஜப்பான் காரின் 13 இறாத்தல் மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று பிரியும்.

சூட்டில் நின்றபிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால், சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று சில தடவை அடித்து அடங்கினால் பம்ப் நலம். சத்தமே இல்லாவிட்டால் உள்ளே பொயின்ட் அழுக்கு, பம்பை மெல்லத் தட்டினால் வீடுவரை வரும். நிறுத்தாமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது.

92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 வேண்டுமா?

92 போதும். சுருக்க விகிதம் 8.5க்கு 1தான்.

ஈயம்தான் பிரச்சினை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பழைய சிலிண்டர் ஹெட்டின் எக்ஸோஸ்ட் வால்வ் இருக்கை வெறும் வார்ப்பிரும்பு, ஈயமில்லாமல் மெல்ல மெல்ல உள்ளே தேயும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்க வால்வ் இடைவெளியைப் பாருங்கள். 0.012 அங்குலம் இருக்கவேண்டும். 1, 4, 5, 8ஆம் வால்வ்கள் எக்ஸோஸ்ட். அவற்றில் மட்டும் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால் இருக்கை தேய்கிறது. ஹெட்டைக் கழற்றி, அந்த நான்குக்கும் கடின உலோக வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

ஒயில் எவ்வளவு, எந்த ஒயில்?

எஞ்சினுக்கு 20டபிள்யூ-50, ஃபில்டரோடு சுமார் 3.7 லீற்றர், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான், சுமார் 1.3 லீற்றர். பலர் கியர் ஒயில் ஊற்றிப் பித்தளைப் பாகங்களைக் கெடுக்கிறார்கள். பின் அச்சுக்கு மட்டும் 90 கியர் ஒயில், சுமார் 0.85 லீற்றர். கார்ப்பிரேட்டரின் மேல் மூடியைத் திறந்து அதிலும் சில துளி ஒயில் விடுங்கள், வறண்டால் அக்ஸிலேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் திக்கும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் 0.015 அங்குலம்.

போன் சார்ஜரும் ரேடியோவும் பூட்டலாமா?

மைனரில் பற்றரியின் பொசிட்டிவ்தான் உடம்போடு சேரும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். தெரியாமல் ரேடியோ பூட்டினால் அந்தக் கணமே புகையும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம்: பற்றரியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்டை ஒருகணம் பற்றரியோடு தொட்டுத் துருவம் மாற்றவேண்டும். இலத்திரனியல் உள்ள புதிய எஸ்.யூ. பம்ப் என்றால் அதன் வகையைப் பார்த்த பிறகே தொடுங்கள். முழுக் காருக்கும் இரண்டே ஃபியூஸ்தான் என்பதால், சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள்.

1961க்கு முந்திய காரில் கதவுத் தூணிலிருந்து நீளும் கைகாட்டி இருக்கும். அதைக் கழற்றவேண்டாம், ஆனால் அதை மட்டும் நம்பித் திரும்பவும் வேண்டாம். ஓட்டோக்காரர் அதை எதிர்பார்க்கமாட்டார். மின்னும் சிக்னலையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

புகைப் பரிசோதனையில் தேறுமா?

ஒழுங்காக டியூன் பண்ணிய மைனர் தேறும். அரைமணி நேரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கியபின் போங்கள். முன்னதாக எஸ்.யூ. கார்ப்பிரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், அடங்கி நின்றுபோனால் குறைவு, சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியிலுள்ள ஆறுமூலை நட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்புங்கள். கார்பன் மொனொக்சைட் கூடினால் கலவைக் கோளாறு. ஹைட்ரோகார்பன் கூடினால் பிளக், டைமிங், அல்லது ஒயில் எரிதல்.

உதிரிப்பாகம் எங்கே?

பஞ்சிகாவத்தையில்தான் தேடல் தொடங்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்பதைவிட அதுதான் வேலை செய்யும். போல்ட், நட் வகைகளுக்குப் பழைய சோனகத் தெரு. சீரீஸ் 2க்குப் பிந்திய கார்களில் பெரும்பாலும் அங்குல அளவுதான்: 7/16, 1/2, 9/16 ஸ்பனர் மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். மில்லிமீற்றர் ஸ்பனர் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். தகடுகளைப் பொறுத்தவரை இந்த நாட்டுக்கே ஒரு பெருமை உண்டு. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த ஒரு மைனர் நிலையத்தோடு சேர்ந்து இலங்கையிலேயே மைனருக்கான பாகங்கள் செய்தார்கள். நம்மிடம் அந்தக் கைவேலை இருக்கிறது.

திருத்த வேலையை எந்த ஒழுங்கில் செய்வது?

தகடு, பிரேக்கும் சஸ்பென்ஷனும், வயரிங், எஞ்சின், பெயின்ட், குஷன். பணம் பாதியில் முடிந்தாலும் இந்த ஒழுங்கில் போன கார் பாதுகாப்பாக ஓடும். பெயின்ட்டில் தொடங்கினால் அடுத்த வருடம் வெல்டிங் பொறி பட்டு அதே பெயின்ட் எரியும். கதவடிச் சில்லுக்கு 1.2 மில்லிமீற்றர், குறுக்குச் சட்டத்துக்கு 1.6 மில்லிமீற்றர் தகடு கேளுங்கள். பழைய துருவின்மேல் புதுத்தகடு ஒட்டவிடக்கூடாது. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு விற்கும்போது, மூடிய கதவடிச் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

கடற்கரைப் பக்கம் வீடு. காரை மூடி வைப்பதா?

பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள். உள்ளே ஈரம் வேர்த்துக் கூரையிலிருந்து துருவேறும். பருத்தி உறை போட்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி விடுங்கள். வாரம் ஒருமுறையாவது 15 கிலோமீற்றர் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலென்ஸருக்குள் தண்ணீர் தேங்கும், பிரேக் சிலிண்டரும் அசையாமல் இறுகும். ஞாயிறு காலையில் காலிமுகத்திடல் பக்கம் போய்வந்தால், அன்றே அடித்தகட்டையும் சில்லு வளைவின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவுகளின் அடி விளிம்பிலும் கதவடிச் சில்லின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அண்டர்சீல் பூசியபோது அவை அடைபட்டிருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.